விழுங்கியவளின் பெயரில்

தம்பி,

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "ஆனால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது." உனக்கு நிச்சயமாகியிருந்த பவித்ராவைத் திருப்போரூரில் அவள் வீட்டில் இறக்கிவிட்டு, செங்கல்பட்டு சாலையில் நாம் இரண்டு பேர் மட்டும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் சாப்பிடுவது ஸ்டீராய்டு மாத்திரையாக இருக்கும் என்று சொன்னேன். அது உடம்பைக் கெடுக்கும் என்று சொன்னேன். முகம் உருண்டதும் கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டதும் அதனால்தான் என்று சொன்னேன். நீ வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "அந்தக் கருமத்தத் தூக்கிக் கடாசச் சொல்றேன் சித்தி" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி. மீதி இருந்த அந்த ஒரு வாக்கியம் தொண்டைக்கே வரவில்லை. வந்து, நான்தான் விழுங்கிவிட்டேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

நீ புனேவுக்குக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில், பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லித்தான சித்தி அவ நிறுத்துனா" என்றாய். உன் பையின் வாரைச் சரிசெய்வது போல எதையோ செய்தேன். பதில் சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது. இந்தக் கடிதம் அந்தப் பதில்தான். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று உனக்குக் கோபம் வரலாம். உன் பெயரோ என் பெயரோ இதில் இல்லை. பவித்ரா என்பது அவளுடைய பெயரும் இல்லை. ஆனால் கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கிற வீடுகள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கட்டும்.

நான் உன் வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது, எனக்கு இருபத்தொன்று. உன்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா என்று கூப்பிடச் சொல்லி எல்லோரும் உன்னை நெருக்கினார்கள். நீ சித்தி என்றாய், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நீ எதிரே உட்கார்ந்து படக்கதை படிப்பாய், நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்றைப் படிப்பேன். ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் ஒரே அறையில் இருப்பது என்பதைத்தான் நாம் முதலில் கற்றுக்கொண்டோம். மாற்றாந்தாய் என்ற சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே இத்தனை வருடமும் வாயை அளந்து திறந்தேன். உனக்கு இரண்டு தோசை போதும் என்று நீயே சொன்னாலும் மூன்றாவதை வைத்துவிடுவேன், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உனக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி ஒரு குறை சொல்ல இந்த வீட்டில் கடைசி உரிமை உள்ள ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஒன்பதாவது போன வருடம் சென்னை ஓஎம்ஆர் சாலைக் கம்பெனி ஒன்றில் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்தேன். வேன் வைத்து ஆலைகளுக்கு ஆள் ஏற்றுகிற உன் அப்பாவுக்கு இன்றுவரை அது என்ன வேலை என்று புரியவில்லை. "கம்ப்யூட்டர்ல நோய்க்கு நம்பர் போடுது" என்று எல்லோரிடமும் சொல்வார். அது சரிதான். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போகிறார், டாக்டர் எழுதிய குறிப்பு என் திரைக்கு வருகிறது, அதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிறேன். அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் பணம் தருவார்கள். குடி, கஞ்சா, அபின் என்று போதைப் பொருள்களுக்குத் தனி வரிசை உண்டு. அதைத் தாண்டி யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத மூலை ஒன்றில் எஃப் 55 என்று ஒரு எண் இருக்கிறது. போதை தராத பொருள்களைத் தப்பாகப் பயன்படுத்துவதற்கான எண். வயிற்றெரிச்சல் மருந்து, நாட்டு மருந்து, பேதி மருந்து, ஸ்டீராய்டு, சத்து மாத்திரை என்று அதற்குள் பிரிவுகள். அதைக் கேட்டதும் உனக்கு ஒரே குஷி.

"சித்தி, நைனாவுக்கு இன்னா நம்பர்?"

"புள்ளி பூஜ்யம்." உன் அப்பா அந்த ரோஸ் நிற வயிற்று மருந்தை மோர் குடிப்பது போல அண்ணாந்து குடிப்பவர்.

"அத்தைக்கு?"

"அவங்களுக்கு ஒரு நம்பர் பத்தாது." உன் அத்தைக்குச் சனிக்கிழமைதோறும் பேதி மருந்து, மற்ற நாளில் லேகியம்.

"இன்னாடா ரெண்டு பேரும் சிரிச்சிகினு கீறீங்க?" என்று உன் அப்பா கூடத்திலிருந்து கேட்டார். "ஒண்ணும் இல்ல நைனா, உனக்கு நம்பர் போட்டுகினு கீறோம்" என்றாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதிகமில்லை, அதனால் அது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டில் ஒரு பொய் இருந்தது. என்னால் யாருக்கும் எந்த எண்ணையும் போட முடியாது. டாக்டர் எழுதினால்தான் போடலாம். சர்க்கரை ஏறியிருக்கிறது, கால் புண் ஆறவில்லை, இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தாலும், நீரிழிவு என்ற சொல்லை டாக்டர் எழுதவில்லையென்றால் அந்த ஆளுக்கு நீரிழிவு கிடையாது. சந்தேகம் இருந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். அதற்கும் ஒரு கட்டுப்பாடு: பதிலை அவர் வாயில் திணிக்கக் கூடாது. "இது ஸ்டீராய்டால் வந்ததா?" என்று கேட்பது தவறு. "இந்த அறிகுறிகளுக்கான காரணத்தைத் தெளிவுபடுத்தவும்" என்று கேட்பதுதான் சரி. தெரிந்ததைத் தெரியாதது போலக் கேட்க எனக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

தை மாதம் நிச்சயதார்த்தத்துக்கு நாம் பவித்ரா வீட்டுக்குப் போனோம். அப்பா இல்லாத பெண். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலையில் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டு, வரிசையில் வருகிற உதிரிபாகங்களைப் பார்த்துப் பழுதானதைக் கழிக்கிற வேலை. ஒல்லிதான், ஆனால் நோஞ்சான் இல்லை. தாம்பூலம் மாற்றி முடித்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது உன் அத்தை சொன்னார்: "பொண்ணு மூக்கும் முழியுமா ஷோக்காத்தான் கீது. ஆனா இன்னாம்மா இது, காத்தடிச்சா பறந்துபூடும் போல கீதே. முகூர்த்தத்துக்குள்ள கொஞ்சம் சதை போடவெய்யி." உன் அப்பா சிரித்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன், பக்கத்து இலையில் எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பவித்ராவின் அம்மா. அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மறுநாளே அவர் மருந்துக்கடைக்குப் போனார். கல்யாணப் பெண்ணுக்குச் சதை போட மாத்திரை வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்பது அந்தப் பக்கத்தில் புதிது இல்லை. பேப்பரில் மடித்து, சின்னச் சின்ன மாத்திரைகள், பெயர் போட்ட அட்டை இல்லாமல். தீரத் தீர வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.

வைகாசியில் நீங்கள் இரண்டு பேரும் மாமல்லபுரம் போக ஆசைப்பட்டீர்கள். தனியாக விட முடியாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அன்று பவித்ராவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழகாகிவிட்டாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கன்னம் உருண்டு, நிறம் ஏறி, முகம் நிலவு மாதிரி இருந்தது. ஆங்கிலக் குறிப்புகளில் டாக்டர்களும் அப்படித்தான் எழுதுவார்கள், நிலவு முகம் என்று. ஆனால் அவர்கள் அதை அழகுக்காக எழுதுவதில்லை. கையும் காலும் பழையபடி மெலிவாகவே இருந்தன, சதையெல்லாம் முகத்திலும் தோளிலும் வயிற்றிலும். காதோரம் பூனைமுடி. கலங்கரை விளக்கப் பாறையில் ஏறும்போது தொடை நடுங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் கடைக்காரர் கண்ணாடி வளையலை ஏற்றிய இடத்தில் அப்போதே கருநீலம் கட்டியது. கடற்காற்றில் புடவை விலகியபோது இடுப்பில் ஊதாக் கோடுகள் தெரிந்தன, பிரசவித்தவளுக்கு இருப்பது போல, ஆனால் அதைவிடச் சிவந்து. நீ இளநீர் வாங்கப் போனபோது நான் அவளிடம் கேட்டேன்.

"ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. சத்து மாத்திரைதான். அம்மா வாங்கியாந்தாங்க."

"என்ன சத்து?"

"தெரியல. பேப்பர்ல மடிச்சித் தருவாங்க. அதப் போட்டா நல்லாப் பசிக்குது ஆன்ட்டி. எங்க லைன்ல எல்லாரும் இன்னாடி, இப்பவே கல்யாணக் களை வந்துடுச்சான்னு ஓட்டுறாங்க." சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான் மேலே கேட்கவில்லை. அலுவலகத்தில் என்றால் எனக்குப் பாராட்டு கிடைத்திருக்கும், பதிலைத் திணிக்காமல் முறைப்படி கேட்டாய் என்று. சத்து மாத்திரை என்பது பதில். பதில் வந்தால் கேள்வி முடிந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண் கடற்கரை மணலில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளை ஒரு நோயாளிக் குறிப்பைப் படிப்பது போலப் படித்து மூடி வைத்தேன். அவளிடம் சொல்லாமல், அவளை இறக்கிவிட்ட பிறகு உன்னிடம் சொன்னேன். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. நீ சொன்னால் வருங்காலக் கணவன் சொன்னது. நான் சொன்னால் சித்தி கல்யாணத்தைக் கலைக்கப் பார்ப்பது.

அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொல்லவில்லை என்று நானே பல முறை யோசித்திருக்கிறேன். தெரியாது என்றும் சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டைத் தப்பாகச் சாப்பிட்டவர்களின் குறிப்புகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தியதால் மயங்கி விழுந்தவர்களின் குறிப்புகளையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், திடீரென்று மருந்தும் நின்றால் இரண்டும் இல்லாமல் சரிந்துவிடும். இதற்கு வேறு எண், வேறு அத்தியாயம். ஆனால் எங்களுக்கு ஒரு ஆளின் வாழ்க்கை முழுதாக வருவதில்லை. ஒரு நாள் வந்து போனது ஒரு குறிப்பு. அடுத்த முறை வந்தால் அது வேறொருவர் மேசைக்குப் போகும். சாப்பிட்டவரையும் தெரியும், நிறுத்தியவரையும் தெரியும், இரண்டும் ஒரே ஆள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேனில் நீ கடாசச் சொல்கிறேன் என்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது முதல் குறிப்பு மட்டும்தான்.

நீ அன்று மாலையே அவளுக்குப் போன் செய்தாய். "அதத் தூக்கிக் கடாசு. திரும்ப சாப்ட்டன்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோவம் வரும். நீ ஒல்லியா கீறதுதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்று சொன்னாயாம். பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். தன்னை ஒல்லியாகவே ஒருவனுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பொட்டலத்தை அப்படியே கழிவுநீர்க் குழியில் போட்டுவிட்டு, அம்மாவிடம் சாப்பிடுவதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். சில நாளில் அசதி வந்தது. பிறகு தலைசுற்றல், வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஆலைக்கு லீவு போட்டாள். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்ட நேரம் அது.

வேறு எந்த நேரமாக இருந்தாலும் அவள் அம்மா அவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் வாந்தி எடுக்கிற பெண்ணை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது? வாசலில் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதே மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிவந்து பார்த்தார், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து உள்ளறையில் படுக்க வைத்தார். அப்படியும் சேதி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் அத்தை வாசற்படியில் நின்றே கேட்டார், "பொண்ணு வாந்தி எடுக்குதாமே? இன்னா விசேஷம்?" உன் அப்பா உன்னைப் பிடித்து உலுக்கினார். "இன்னாடா பண்ண அந்தப் பொண்ண?" நீ, "நைனா, ரெண்டு பேரும் வெளிய போனதே ஒரு தபாதான். சித்தி கூடவே இருந்தாங்க" என்றாய். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். துணைக்குப் போன நான் அதில்கூடத் தவறிவிட்டேனோ என்ற பார்வை. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். என் மானத்தைப் பற்றித்தான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன், அவள் வாந்தியைப் பற்றி இல்லை.

நீ பின்னாலேயே வந்தாய். முகம் வெந்து போயிருந்தது. குரலை இறக்கிக் கேட்டாய்: "சித்தி, மாத்திரைய நிறுத்துனா வாந்தி வருமா?"

தம்பி, இந்த இடத்தை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். நீ சொல்லித்தான் நிறுத்தினாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். என் மேசையில் வருடக்கணக்காகத் தனித்தனியாகக் கிடந்த இரண்டு குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்தது நீதான். நானாக அந்தக் கேள்விக்கு வந்திருப்பேனா என்று தெரியவில்லை. கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். அவள் அம்மா அழுதுகொண்டே, பாத்ரூமில் விழுந்துவிட்டாள், பேச்சுமூச்சு இல்லை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுவரச் சொன்னேன்.

நாம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் அப்பாவும் அத்தையும்கூடக் கிளம்பி வந்துவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். ரத்த அழுத்தம் கிடைக்கவில்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே திரும்பிக் கேட்டாள்: "ஏதாவது மாத்திரை சாப்ட்டுட்டு இருந்தாங்களா?" நான் கடற்கரையில் கேட்ட அதே கேள்வி. பவித்ராவின் அம்மா நம்மையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சத்து மாத்திரைதான்" என்றார். சம்பந்தி வீட்டார் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்? மகள் உயிர் போகிறதென்று அவருக்குத் தெரியும், அதற்கும் மாத்திரைக்கும் தொடர்பு இருக்கிறதென்று தெரியாது. அவருக்குத் தெரிந்தவரை அங்கே காப்பாற்ற வேண்டியதாக இருந்தது கல்யாணம்தான்.

"ஸ்டீராய்டு மேடம்" என்றேன். "சதை போட வாங்கிக் கொடுத்தது. தையிலேர்ந்து தினமும் சாப்பிட்டா. இப்ப ரெண்டு வாரமா மொத்தமா நிறுத்திட்டா."

"நீங்க யாரு?"

"மாப்பிள்ளையோட சித்தி."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. போட வேண்டிய ஊசியின் பெயரைக் கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கதவு மூடியதும் வராந்தாவில் தொடங்கியது.

"அப்ப அந்தச் சதையெல்லாம் மாத்திரையா?" என்றார் உன் அத்தை. "நல்லா ஏமாத்துனீங்கடி எங்கள!"

"நீதானம்மா கேட்ட. சதை போடவெய்யின்னு நீதானம்மா இலையில உக்காந்துகினு கேட்ட" என்றார் பவித்ராவின் அம்மா.

"நான் சோறு போடச் சொன்னேன். மருந்து போடவா சொன்னேன்?"

"சோறு போட்டுதாம்மா இம்மாம் வருஷம் வளத்தேன். அதத்தான் காத்துல பறந்துபூடும்னு சொன்ன."

பிறகு அவள் அம்மா உன் பக்கம் திரும்பினார். நிறுத்தச் சொன்னது நீ என்று அதற்குள் தெரிந்துவிட்டது. நீ கண்ணாடிக் கதவில் கையை வைத்து நின்றாய். கையை எடுக்கவேயில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த டாக்டர் எழுதிய குறிப்பு என்னைப் போன்ற ஒருத்தியின் திரைக்கு வந்தால் அவள் எஃப் 55.3 என்று போடுவாள். ஸ்டீராய்டைத் தப்பாகப் பயன்படுத்தியது. அந்த எண் மன நோய்களும் நடத்தைக் கோளாறுகளும் இருக்கிற அத்தியாயத்தில் வருகிறது. பவித்ராவின் மனதில் ஒரு கோளாறும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஆனால் எண் எப்போதும் விழுங்கியவளின் பெயரில்தான் விழும். இலையில் உட்கார்ந்து பேசியவருக்கு எண் கிடையாது. கேட்டுச் சிரித்த நமக்குக் கிடையாது. பொட்டலம் மடித்தவனுக்குக் கிடையாது, பயந்து வாங்கியவருக்குக் கிடையாது. பாதியைச் சொல்லி மீதியை விட்டவளுக்கும் இல்லை. என் வேலையில் எதை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்று ஒரு வரிசை முறை உண்டு. அதன்படி இந்தக் காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் நீ முதலில் வரவில்லை. இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. வரிசையில் நீ இருக்கிறாய், அதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பிடு என்று அவள் அம்மா சொன்னார், சாப்பிட்டாள். கடாசு என்று நீ சொன்னாய், கடாசினாள். இரண்டும் அவளுக்கு உத்தரவுதான். உன்னுடையது பிரியமான உத்தரவு. அது என்ன மாத்திரை, எதற்குச் சாப்பிடுகிறாய், நிறுத்த உனக்கு இஷ்டமா, வா டாக்டரிடம் போய்க் கேட்போம் என்று நம்மில் ஒருவர்கூட அவள் எதிரில் உட்கார்ந்து பேசவில்லை. அவள் உடம்பைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் பேசினோம்.

இன்னொன்றும் உண்டு. உன் அப்பா போன் செய்து கல்யாணத்தை நிறுத்தியபோது நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "சீக்குக்காரப் பொண்ணு வாணாம்" என்று உன் அத்தை சொன்னது உன் காதில் விழுந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. அந்த மாதிரி வாயை மூடிக்கொண்டிருப்பதை நீ என்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். ஒரே அறையில் தொந்தரவில்லாமல் இருப்பதற்கு மேல் நான் உனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. போன வாரம் உன் அத்தை உனக்கு இன்னொரு பெண்ணின் போட்டோ அனுப்பியிருக்கிறார். எனக்கும் காட்டினார். "கொஞ்சம் சதை போட்டா ஜம்முனு இருக்கும்" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. "அண்ணி, அந்தப் பேச்சு இந்த வீட்டுல இனிமே வேணாம்" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார், இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்க நீ போவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். போனால், அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழும்போது, எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, உரக்கச் சொல். வேனில் வைத்துத் தனியாகச் சொல்வதற்கு எடுத்து வைக்காதே.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் பவித்ராவிடம் கேட்டேன். "எழுதுங்க ஆன்ட்டி. பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். பிறகு, "அவரு என்னப் பத்திக் கேட்டாரா?" என்றாள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். நீ கேட்காததால் உனக்குத் தெரியாதது இதுதான்.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு முழுதாகத் திரும்பியது. மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. ஐப்பசிக்குள் முகம் பழையபடி ஒல்லியாகிவிட்டது. கார்த்திகையில் வலது இடுப்பில் வலி வந்தது. ஸ்டீராய்டால் ரத்த ஓட்டம் நின்று, தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துப்போயிருந்தது. மாசியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது தடி ஊன்றி நடக்கிறாள். ஆலையில் அவள் செய்தது நின்றுகொண்டு செய்கிற வேலை என்பதால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.